பழகிய தடத்தில் தனியாக ஒரு நெடுநடை: கிளம்புவது முதல் திரும்புவது வரை

ஏற்கெனவே நான்கு முறை நடந்த பாதை, ஒவ்வொரு வளைவும் தெரியும், இந்த முறை தனியாகப் போய் வருவோம் என்று கிளம்பினேன். இரண்டாம் நாள் மதியம், பிளந்த பாறை ஒன்றை ஒட்டிப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் தவறான பக்கம் திரும்பி நாற்பது நிமிடம் நடந்துவிட்டேன். அங்கே நின்றபோதுதான் உறைத்தது. முந்தைய நான்கு முறையும் நான் பாதையைப் பார்த்து நடக்கவே இல்லை, எனக்கு முன்னால் போனவரின் முதுகைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறேன்.

தெரிந்த பாதையில் தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கூட ஒருவர் வரும்போது நமக்குத் தெரியாமலேயே அவர் பல வேலைகளைச் செய்துகொண்டிருப்பார். மணி பார்ப்பார், "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்பார், நம் முகம் வெளுத்திருந்தால் உட்காரச் சொல்வார், நாம் வழுக்கி விழுந்தால் ஓடிப்போய் ஆள் கூட்டி வருவார். தனியாகப் போனால் அத்தனை வேலையும் நம் தலையில்தான். அவற்றை ஒவ்வொன்றாக எப்படி எடுத்துக்கொள்வது என்று கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். மூன்று முதல் ஐந்து நாள் வரை, நாளொன்றுக்குப் பதினைந்து இருபது கி.மீ. நடக்கும் பயணத்தை மனதில் வைத்து எழுதியது. கயிறு கட்டி ஏற வேண்டிய பாறைகளோ பனி மூடிய சரிவுகளோ உள்ள பாதைக்கு இது போதாது, அங்கெல்லாம் தனியாகப் போகவும் வேண்டாம்.

முதலில், பாதையை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள்

கிளம்ப மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே ஒரு வெள்ளைத்தாளோடு உட்காருங்கள். வரைபடம், பழைய போட்டோ எதையும் பார்க்காமல் பாதை முழுவதையும் வரையுங்கள்: பிரியும் இடங்கள், தண்ணீர் கிடைக்கும் இடங்கள், ஓடையைக் கடக்கும் இடங்கள், டென்ட் போட்ட இடங்கள், பாதி வழியில் முடியாமல் போனால் கீழே இறங்கக்கூடிய வழிகள். பிறகு நிஜ வரைபடத்தை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் உங்கள் தாள் காலியாக இருக்கிறதோ, அங்கெல்லாம் யார் பின்னாலோ பேசிக்கொண்டே நடந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த இடங்களை வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். நடக்கும்போது அங்கே மட்டும் வேகத்தைக் குறைத்து, நின்று பார்த்துப் போகப்போகிறீர்கள்.

கூடவே இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு எந்த மாதத்தில் போனீர்கள், எந்தத் திசையில் போனீர்கள்? கோடையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை மழைக்குப் பிறகு இடுப்பளவு போகும். வடக்கிலிருந்து தெற்கே நடந்த பாதையைத் தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் அது கிட்டத்தட்ட வேறு பாதைதான், ஏனென்றால் நீங்கள் பார்த்த பாறையின் முகமும் மரத்தின் சாய்வும் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணில் படாது.

பழக்கம் எப்படி ஆளைக் கவிழ்க்கும் என்பதைப் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்தவர்கள் நன்றாகவே பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த விபத்துகளை வைத்து இயன் மெக்கமன் 2004-ல் எழுதிய ஆய்வில், முடிவெடுக்கும்போது மனிதர்கள் விழும் மனப்பொறிகளில் ஒன்றாகப் பரிச்சயத்தைச் சொல்கிறார். பயிற்சி பெற்றவர்கள்கூட, தங்களுக்குப் பழகிய இடத்தில் வழக்கத்தைவிட அதிக ஆபத்துக்குள் இறங்கியிருக்கிறார்கள். பனியே இல்லாத பாதையில் நடக்கிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது என் எண்ணம்.

கடைசியாகப் போன பிறகு என்ன மாறியிருக்கிறது என்று விசாரியுங்கள்

அந்தக் காட்டையோ பூங்காவையோ பராமரிக்கும் அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போடுங்கள். நிலச்சரிவு, காட்டுத்தீ, உடைந்த பாலம், மூடிய பகுதி, வற்றிய நீரூற்று என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "பாதை எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். தனியாக நடக்க அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பல காடுகளில் தனிநபருக்கு அனுமதி தருவதில்லை, வழிகாட்டியோடுதான் விடுவார்கள். அப்படிச் சொன்னால் வழிகாட்டியோடு போங்கள், இல்லையென்றால் வேறு பாதையைத் தேர்ந்தெடுங்கள். யாருக்கும் தெரியாமல் உள்ளே போகிறவரைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

நாளைக் கணக்குப் போடுங்கள்

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் வேலை செய்கிறது: ஒவ்வொரு 5 கி.மீ. தூரத்துக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 18 கி.மீ. தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொண்டால், தூரத்துக்குச் சுமார் 3 மணி 35 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, ஆக 5 மணிக்குக் கொஞ்சம் மேல். இது நல்ல உடல்வாகு உள்ளவர், நல்ல பாதையில், நிற்காமல் நடந்தால். கனமான பையோடு, சாப்பிட, தண்ணீர் பிடிக்க, வழி பார்க்க நின்று நின்று போகும் தனியாளுக்கு நான் இதோடு பாதியைச் சேர்த்துவிடுவேன், அதாவது ஏறக்குறைய எட்டு மணி. நண்பர்களோடு ஆறு மணி நேரத்தில் முடித்த நினைவு இருக்கலாம், ஆனால் அப்போது டென்ட்டை ஒருவரும் அடுப்பை இன்னொருவரும் சுமந்தார்கள், மறக்க வேண்டாம்.

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகத் தங்கும் இடத்தைத் தொட்டுவிடுகிற மாதிரி ஒவ்வொரு நாளையும் வையுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் திரும்பும் நேரம் கிடைக்கும்: "மதியம் ஒரு மணிக்குள் கணவாயைத் தாண்டவில்லை என்றால் முந்தைய இடத்துக்கே திரும்புவேன்." ஒவ்வொரு நாளுக்கும் இப்படி ஒரு நேரத்தை வீட்டிலேயே, களைப்பில்லாத மூளையோடு, எழுதி வைத்துவிடுங்கள். மலையில் பன்னிரண்டே முக்காலுக்கு இதை யோசிக்க ஆரம்பித்தால் மனம் எப்படியாவது ஒரு சாக்கு சொல்லி முன்னேதான் தள்ளும்.

வீட்டில் விட்டுப்போகும் காகிதம்

இந்த வழிகாட்டி முழுவதிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யுங்கள் என்று கெஞ்சுவேன். "மூணு நாள் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவது தகவல் இல்லை. தேடுகிறவர்களுக்கு உதவுவது வேறு.

காகிதத்தில் இருக்க வேண்டியவை: எங்கே நுழைகிறீர்கள், எங்கே வெளியே வருகிறீர்கள், ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறீர்கள், கெட்ட வானிலை வந்தால் எந்த வழியாக இறங்குவீர்கள், பை, டென்ட், மழைச்சட்டை என்ன நிறம், ஷூ என்ன அளவு, அடிப்பாகம் எப்படி இருக்கும் (அடிப்பாகத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், சேற்றில் தடம் தேடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி), என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த அலுவலகத்தை, எந்த எண்ணில் அழைக்க வேண்டும். கடைசியாக, மிக முக்கியமாக, ஒரு நேரம்: "ஞாயிறு இரவு 8 மணிக்குள் என்னிடமிருந்து சேதி வரவில்லை என்றால் இந்த எண்ணை அழை." அந்த நேரத்தை உங்கள் திட்டத்தைவிட நான்கைந்து மணி தள்ளி வையுங்கள். கொஞ்சம் தாமதமானதற்கெல்லாம் தேடுதல் தொடங்கிவிடக் கூடாது, அதே சமயம் அந்த நேரம் தாண்டிவிட்டால் காகிதத்தை வைத்திருப்பவர் தயங்கவும் கூடாது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். உங்கள்மேல் ரொம்பப் பாசமாக இருப்பவரைவிட, சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்கிறவரிடம் கொடுங்கள். "வந்துவிடுவான், சிக்னல் இருக்காது" என்று மறுநாள் மதியம்வரை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும் ஆளிடம் கொடுத்துப் பயனில்லை. நேரில் உட்காரவைத்துக் காகிதத்தைப் படித்துக் காட்டி, எட்டு மணி ஆனால் என்ன செய்வாய் என்று கேட்டு, வாயால் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பை

முழுச்சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அறுபது கிலோ ஆளுக்குத் தண்ணீரும் உணவும் சேர்த்து 12 கிலோ. டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, மாற்று உடை இவை பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், உங்களிடமும் ஏற்கெனவே இருக்கும். தனியாகப் போவதால் மாறும் பொருட்களை மட்டும் சொல்கிறேன்.

விசிலைப் பைக்குள் வைக்காதீர்கள், தோள்பட்டியில் கட்டுங்கள். விழுந்த பிறகு பை உருண்டு கைக்கு எட்டாத இடத்துக்குப் போகலாம். அதே காரணத்துக்காக ஃபோன், சிறு கத்தி, தீப்பெட்டி அல்லது லைட்டர், மடித்த மெல்லிய அவசரப் போர்வை இவை உங்கள் உடம்பிலேயே, பாக்கெட்டில் இருக்கட்டும். ஹெட்லாம்ப் ஒன்று, அதற்கு மாற்று பேட்டரி, கூடவே கட்டைவிரல் அளவில் இன்னொரு சின்ன விளக்கு. வரைபடத்தைக் காகிதத்தில் கொண்டுபோங்கள், ஃபோனிலும் ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏர்பிளேன் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், சார்ஜும் பல மடங்கு நிற்கும். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் இரவில் ஃபோனையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துத் தூங்குங்கள்.

சிக்னல் இல்லாத பாதை என்றால் அவசரகால செயற்கைக்கோள் கருவி வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ மதிப்புள்ள செலவு. பிஎல்பி என்று சொல்லும் பீக்கன், அதாவது ஆபத்தில் இயக்க வேண்டிய சின்னக் கருவி, 406 மெகாஹெர்ட்ஸில் சைகை அனுப்பும், காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச அமைப்பின் செயற்கைக்கோள்கள் அதைப் பிடித்து மீட்புக் குழுவுக்குச் சொல்லும். 1982-லிருந்து அந்த அமைப்பு உயிர்களைக் காப்பாற்றி வருகிறது. மாதச் சந்தா கிடையாது, ஆனால் உங்கள் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில நாடுகளில் செயற்கைக்கோள் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். போகும் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டு எடுத்துப்போங்கள்.

உடையில் ஒரே கறாரான பேச்சு: பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், அதோடு காற்றும் சேர்ந்தால், கீழே இதமாக இருந்த நாள் மேலே நடுக்க வைக்கும்.

பையைக் கட்டியபின் ஓர் இரவு ஒத்திகை பாருங்கள். வீட்டிலிருந்து எட்ட முடிந்த, எப்போது வேண்டுமானாலும் கைவிட்டுத் திரும்பக்கூடிய ஓர் இடத்தில், அதே பை, அதே ஷூவோடு பத்துப் பன்னிரண்டு கி.மீ. நடந்து தனியாகத் தூங்கி எழுந்து வாருங்கள். டென்ட்டை ஒற்றை ஆளாகக் காற்றில் விரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும், இரவு இரண்டு மணிக்கு ஒரு காய்ந்த இலை நகரும் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பதும் அங்கேதான் தெரியவரும்.

முதல் நாள் காலை

சீக்கிரம் கிளம்புங்கள், ஆனால் முதல் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். தனியாகப் போகிறவர்கள் வேகத்தைத் தடுக்க ஆளில்லாமல் முதல் நாளே கால்களைத் தீய்த்துக்கொள்கிறார்கள். வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் நாள் முழுவதும் நிற்கும். முப்பது நிமிடம் ஆனதும் நின்று, பையின் பட்டிகளைச் சரிசெய்து, ஷூ கயிற்றை மறுபடி கட்டுங்கள். அதற்குள் பாதம் சூடாகிக் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

நுழைவாயிலில் பதிவேடு இருந்தால் எழுதாமல் போகாதீர்கள். சிக்னல் இருக்கும் கடைசி இடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு சேதி அனுப்பிவிட்டு ஃபோனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள்.

நடக்கும்போது: திரும்பிப் பார்ப்பது, வாய்விட்டுச் சொல்வது

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையும், பிரியும் இடம் ஒவ்வொன்றிலும், நின்று முழுவதுமாகத் திரும்பி வந்த வழியைப் பாருங்கள். திரும்ப நேர்ந்தால் நீங்கள் பார்க்கப்போவது அந்தக் காட்சியைத்தான். பிரியும் இடங்களில் ஃபோனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பிளந்த பாறைக்கு வருகிறேன். அங்கே சரியான பாதையின் வாயில் ஒரு மரம் விழுந்து, அதன்மேல் இலை மூடிக் கிடந்தது. எதிரே இன்னொரு தடம் தெளிவாகத் தெரிந்தது, அதில் இறங்கிவிட்டேன். வேடிக்கை என்னவென்றால் அந்த நாற்பது நிமிடமும் எனக்கு எல்லாமே தெரிந்த இடமாகத்தான் இருந்தது. ஒரு வழுக்குப்பாறை வந்தது, "ஆமாம், இங்கேதான் போன முறை உட்கார்ந்தோம்" என்றது மனம். மூங்கில் புதர் வந்தது, அதையும் ஏற்றுக்கொண்டது. கண் பார்ப்பதையெல்லாம் நினைவோடு ஒட்டவைக்கும் வேலையை மனம் தானாகவே செய்கிறது. என்னை நிறுத்தியது ஒரே ஒரு விஷயம், பள்ளத்தாக்கு எனக்கு இடது பக்கம் இருந்தது. வரைபடத்தில் அது வலது பக்கம் இருக்க வேண்டும். மரமும் பாறையும் எங்கே வேண்டுமானாலும் இருக்கும், சரிவு எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வெயில் எந்தத் தோளில் விழுகிறது என்பதை மனம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். பிரியும் இடத்தில் நின்று, சத்தமாகச் சொல்வேன்: "இடது பக்கம் போகிறேன். அடுத்த இருபது நிமிடத்தில் ஓடைச் சத்தம் கேட்க வேண்டும், பள்ளம் வலது பக்கம் இருக்க வேண்டும்." இருபது நிமிடத்தில் கேட்கவில்லை என்றால் வரைபடத்தை எடுப்பேன். மனதுக்குள் நினைத்தால் பிறகு மழுப்பிவிடலாம், வாயால் சொன்னதை மழுப்புவது கஷ்டம். கூட வருபவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை இப்படித்தான் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

இன்னொரு விஷயம், மலஜலம் கழிக்க ஒதுங்கப் போவது. 2013-ல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தில் தனியாக நடந்துகொண்டிருந்த ஒருவர், ஒதுங்குவதற்காகப் பாதையை விட்டு விலகினார், திரும்பும் வழி தெரியவில்லை. அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவில்லை. பல வாரம் உயிரோடு இருந்திருக்கிறார் என்பது அவருடைய குறிப்பேட்டிலிருந்து தெரிந்தது. உடல் கிடைத்தது 2015-ல். இத்தனைக்கும் அவர் இருந்த இடம் பாதையிலிருந்து அதிக தூரமில்லை. அடர்ந்த காட்டில் முப்பது அடி உள்ளே போனாலே பாதை மறைந்துவிடும். அதனால் ஒதுங்கும்போது, நடைக்கம்பைப் பாதையோரத்தில் நட்டு அதில் பளிச்சென்ற துண்டு ஒன்றைக் கட்டுங்கள், காலடிகளை எண்ணிக்கொண்டே நேர்க்கோட்டில் போங்கள், பையைப் பாதையில் விட்டுப் போகாமல் கூடவே எடுத்துப்போங்கள். நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, மூடிவிட்டு வாருங்கள்.

பாதம்

தனி நடையைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் புலியோ புயலோ இல்லை, குதிகாலில் வரும் கொப்புளம்தான். ஒருமுறை வலது குதிகாலுக்குக் கீழே மணல் மாதிரி ஏதோ உரசுவது தெரிந்தும், அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அரை மணி நேரம் நடந்தேன். சாக்ஸைக் கழற்றியபோது ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வழண்டு, ஈரமாக, சிவப்பாக இருந்தது. மீதி இரண்டு நாளும் ஒவ்வோர் இறக்கத்திலும் காலைச் சாய்த்து வைத்து நடந்ததில் முழங்காலும் சேர்ந்து வலித்தது.

உரசல் தெரிந்த அந்த நிமிடமே உட்காருங்கள். ஷூவைத் தட்டி, பாதத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சிவந்த இடத்தில் மருத்துவ டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள், முனைகளை வட்டமாக வெட்டினால் உரியாது. மதியம் ஒருமுறை சாக்ஸை மாற்றி, கழற்றியதைப் பையின் வெளியே தொங்கவிடுங்கள். நகத்தைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் நகம் ஷூவின் முனையில் இடித்துக் கறுத்துப்போகாமல் இருக்கும். புது ஷூவோடு கிளம்பவே வேண்டாம்.

தண்ணீரும் சாப்பாடும்

மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர், கொளுத்தினால் அதற்கும் மேல். ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதனால் அடுத்த நீரிடம் வரை தேவையானதோடு அரை லிட்டர் கூடுதலாக எடுத்தால் போதும். ஆனால் "போன வருஷம் இங்கே தண்ணீர் இருந்தது" என்பதை மட்டும் நம்பி ஒரு நீரிடத்தில் பாட்டிலை நிரப்பாமல் தாண்டாதீர்கள். தெளிவாகத் தெரிந்தாலும் கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும். நன்றாகக் கொப்பளித்துக் கொதித்து ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். நிறைய வியர்த்து வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், ஓஆர்எஸ் பாக்கெட்டோ உப்புள்ள தின்பண்டமோ கூடவே போகட்டும். பசிக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொறியுங்கள். எரிச்சலும் அழுகையும் காரணமில்லாமல் வந்தால் முதலில் சாப்பிடுங்கள், பிறகு யோசியுங்கள்.

ஓடை, இடி, குளிர்

ஓடை முழங்காலுக்கு மேலே வேகமாகப் போனால் தனியாளாக இறங்காதீர்கள். குறுகலான இடத்தில்தான் ஆழமும் வேகமும் அதிகம், அதனால் அகலமான இடத்தைத் தேடுங்கள், அல்லது காத்திருங்கள், மழை நின்ற சில மணி நேரத்தில் சின்ன ஓடைகள் வடிந்துவிடும். கடக்கும்போது ஷூவைக் கழற்ற வேண்டாம். பையின் இடுப்புப்பட்டியையும் மார்புப்பட்டியையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும். நீர் வரும் திசையைப் பார்த்தபடி, கம்பை ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் கிடைப்பது கி.மீ. தூரம். முப்பது விநாடிக்குள் என்றால் பத்து கி.மீ.க்குள் இருக்கிறது, முகட்டிலிருந்தும் தனி மரத்தடியிலிருந்தும் விலகி உடனே தாழ்வான இடத்துக்கு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்தே மேலே ஏறுங்கள்.

உடல் குளிர்ந்துபோவதைக் கண்டுபிடிப்பதுதான் தனியாளுக்கு மிகவும் கஷ்டம், ஏனென்றால் முதலில் மங்குவது மூளை. கால் தடுமாறும், பேச்சு குழறும், பட்டன் போட விரல் வராது, எதுவும் பரவாயில்லை என்று தோன்றும். நனைந்து காற்றடிக்கும் நாளில் அவ்வப்போது கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் விவாதமே வேண்டாம், நின்று, டென்ட் போட்டு, ஈர உடையை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் போய், சூடாகவும் இனிப்பாகவும் ஏதாவது குடியுங்கள். அடுப்பை மட்டும் மூடிய டென்ட்டுக்குள் எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொல்லும்.

இரவு

காய்ந்த கிளைக்கு அடியிலும் வறண்ட ஓடைப்படுகையிலும் டென்ட் போடாதீர்கள். சாப்பாட்டையும் பற்பசை போல வாசனையுள்ள பொருட்களையும் டென்ட்டிலிருந்து தள்ளி, விலங்குகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். படுக்கும் முன் ஷூவையும் ஹெட்லாம்பையும் இருட்டில் கை போகும் இடத்தில் வையுங்கள், காலையில் ஷூவை உதறிவிட்டே போடுங்கள்.

பயம் வரும், பெரும்பாலும் இரண்டாம் இரவில். முதல் இரவில் களைப்பு தூங்கவைத்துவிடும். பயத்தோடு மல்லுக்கட்டாமல் வேலை கொடுங்கள்: குறிப்பேட்டில் அன்று கடந்த இடங்கள், நீரிடங்கள், நேரம், நாளைக்கான திரும்பும் நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தக் குறிப்பு உங்களுக்கும் பயன்படும், தேடி வருகிறவர்களுக்கும் பயன்படும்.

வழி தவறினால், அடிபட்டால்

பாதையில் இல்லை என்ற சந்தேகம் வந்ததும் நில்லுங்கள். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், பத்து நிமிடம் நகராதீர்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் நடந்தீர்கள்? வந்த தடம் கண்ணுக்குத் தெரிந்தால் அதிலேயே திரும்புங்கள். தெரியவில்லை என்றால், அல்லது பொழுது சாய்ந்துவிட்டால், இருக்கும் இடத்திலேயே தங்குங்கள். கையை நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் பிடிக்கிறது என்று பாருங்கள், ஒரு விரல் ஏறக்குறைய பதினைந்து நிமிடம். ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வரும் என்ற யோசனை பலரை அருவி விளிம்புக்குக் கொண்டுபோயிருக்கிறது. வீட்டில் அந்தக் காகிதம் இருக்கிறது, ஆள் வருவார்கள், நகராத ஆளைக் கண்டுபிடிப்பது எளிது.

விசில் சைகை: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. வட அமெரிக்காவில் மூன்று மூன்றாக ஊதுவது வழக்கம். இரவில் விளக்கையும் இதே கணக்கில் அணைத்து அணைத்துக் காட்டலாம். பேசும் அளவுக்குச் சிக்னல் இல்லாத இடத்தில்கூடக் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும், அதனால் இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களோடு அனுப்பிப் பாருங்கள். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு போக வாய்ப்புண்டு.

கணுக்கால் பிசகினால் உடனே ஷூவைக் கழற்றாதீர்கள், வீங்கினால் மறுபடி போட முடியாது, ஷூவுக்கு மேலேயே பேண்டேஜ் சுற்றுங்கள். எடை வைத்து நாலு அடி நடக்க முடிந்தால் அருகிலுள்ள இறங்கும் வழிக்குப் போங்கள், முடியவில்லை என்றால் போர்வையைச் சுற்றிக்கொண்டு உதவி கேளுங்கள். பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, கடிபட்ட பகுதியை அசைக்காமல் உட்கார்ந்து உதவிக்கு அழையுங்கள். உதவி வரவே வழியில்லை என்றால்தான் மெதுவாக நடக்க வேண்டும்.

வெளியே வந்ததும்

சிக்னல் வந்த முதல் இடத்தில், மற்ற எதையும் பார்ப்பதற்கு முன்னால், காகிதம் வைத்திருப்பவருக்குச் சேதி அனுப்புங்கள். நுழைவாயில் பதிவேட்டில் வெளியேறிய நேரத்தை எழுதுங்கள். விழுந்த மரம், உடைந்த குறி, வற்றிய ஊற்று எதைப் பார்த்தீர்களோ அதை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து டென்ட்டைக் காயப்போட்டுவிட்டு, முதலில் வரைந்த அந்தத் தாளை எடுத்துக் காலியாக இருந்த இடங்களை நிரப்புங்கள். என் தாளில் இப்போது பிளந்த பாறைக்குப் பக்கத்தில் விழுந்த மரமும், வலது பக்கம் பள்ளம் என்று ஓர் அம்புக்குறியும் இருக்கின்றன.